கண்டு சொல்வார் யார்?

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்பது ஒரு பழமொழி. "ஊமை கண்ட கனவு" என்பது மற்றொன்று. இரண்டையும் மேடையிலே முழங்குகிறோம், ஏட்டிலே எழுதுகிறோம், வகுப்பறையிலே, 'வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக' என்று வினாவாகக் கொடுத்து மதிப்பெண்ணும் வழங்குகிறோம். ஆசிரியத் தொழிலில் நான்காண்டுகளே கண்ட நாமும் அவ்விதம் வழங்கியதுண்டு. வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

பழமொழி என்பதனாலேயே அது பழுதற்ற மொழியாகிவிடாது. பகுத்தறிவுக் கண் கொண்டு சற்றே புரட்டிப் பாருங்கள். கேளாத காதிலே சங்கை ஊதியவன் எவன்? காது கேட்பவன். கேளாது என்று தெரிந்தும் ஊதினான். ஊதியது வீணாயிற்று. பழி யார் தலையிலே விழுந்தது? ஊதியவன் தலையிலே அல்ல! சங்கைக் கீழே வைத்துவிட்டுக் கையை அசைத்திருந்தால் செய்தி போய்ச் சேர்ந்திருக்குமே. அந்த எண்ணம் ஏன் எழவில்லை? மற்றவன் கனவு கண்டான், சொல்ல முடியவில்லை என்கிறோம். அவனால் சொல்ல முடியவில்லையா, நமக்குப் பார்க்கத் தெரியவில்லையா?

செவிடு, ஊமை என்பவை ஒருவரின் உடற்குறையையே அவர் பெயராக்கும் இழிசொற்கள். பழைய வழக்கைச் சுட்டும் இடத்திலன்றி இக்கட்டுரையில் அவற்றை ஆளமாட்டோம்.

வடசென்னையிலே வளர்ந்தவர்களுக்குச் சங்கு என்றால் ஆலைச் சங்குதான் நினைவுக்கு வரும். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, துறைமுகமும் தொழிற்கூடமும் தோளோடு தோள் உரசி நிற்கும் இந்த நிலப்பகுதி, சங்கொலிக்கு எழுந்து, சங்கொலிக்கு உண்டு, சங்கொலிக்கு வீடு திரும்பி வளர்ந்த பகுதி. அந்தச் சங்கு கேளாதவர்களும் இங்கே வாழ்கிறார்கள். வலை பின்னுகிறார்கள், பட்டறையிலே இரும்பைப் பற்றவைக்கிறார்கள், துணி தைக்கிறார்கள். அவர்களுக்கு மொழி இருக்கிறது. கையால் பேசிக் கண்ணால் கேட்கும் மொழி. தமக்குள் பேசிக்கொள்வதிலே அவர்களுக்குத் தடையில்லை. தடை, அவர்களுக்கும் நமக்கும் இடையிலே இருக்கிறது. அந்த இடைவெளியிலே நிற்க வேண்டியவர் சைகைமொழி பெயர்ப்பாளர். நம் இலக்கியமும் திரைப்படமும் அவரை எங்கே வைத்தன, நம் மருத்துவமனையும் நீதிமன்றமும் எங்கே வைத்திருக்கின்றன என்பதே நமது ஆராய்ச்சி.

கையில்லாக் காவலன்

முதலில் இலக்கியம். குறுந்தொகையின் 58ஆம் பாட்டு. பாடியவர் வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற்புலவர். காதல் நோயுற்ற தலைவன், தன்னைக் கடிந்துரைக்கும் நண்பரிடம் தன் நிலைக்கு ஓர் உவமை சொல்கிறான். வெயில் காய்கிறது. பாறை கொதிக்கிறது. பாறைமேல் வெண்ணெய். அதற்குக் காவல் இருப்பவனோ வாய் பேச இயலாதவன். அத்துடன் கைகளும் இல்லாதவன். வெண்ணெய் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனால் இயன்றது அவ்வளவே.

இவ்வுவமையின் அழகைப் புலவர்கள் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். நாம் கேட்பது ஒரே கேள்வி. எடுத்து வைக்கக் கையில்லை என்பதுதான் துன்பம் என்றால், கையில்லாதவன் என்று மட்டும் சொன்னால் போதுமே! வாய் பேசாதவன் என்றும் ஏன் சேர்த்துச் சொன்னார் வெள்ளிவீதியார்? வாயிருந்தால் பிறரைக் கூவி அழைத்திருப்பான். வாயில்லாதவனுக்குக் கையிருந்தால், அந்தக் கையே வாயாகி அழைத்திருக்கும். அவன் முற்றும் கதியற்றவன் ஆக வேண்டுமானால் இரண்டுமே போக வேண்டும். கையும் பேசும் என்பதைச் சங்க காலத்திலேயே ஒரு தமிழ்ப் பெண் அறிந்திருந்தார் என்று நாம் கொள்கிறோம்.

இன்றைய நிலை என்ன? கைகள் இருக்கின்றன, அசைகின்றன, பேசுகின்றன. பாறையைச் சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள். ஆயினும் வெண்ணெய் உருகுகிறது! கை பேசுவதைக் கண்டு சொல்வார் இல்லை. கையுடையவனைக் கையில்லாதவனாக்கியது இயற்கையன்று, தோழர்களே! சமுதாயம்.

தோழியின் கை

அடுத்து, இன்றைய தமிழரின் பெருங்கலையான திரைப்படம். 1977இல் வெளிவந்த 'உயர்ந்தவர்கள்' படத்தில் கமல்ஹாசனும் சுஜாதாவும் காது கேளாத, வாய் பேசாத கணவன் மனைவியாக நடித்தனர். குல்சார் 1972இல் இந்தியில் எடுத்த 'கோஷிஷ்' படத்தின் தமிழ் வடிவம் அது. முப்பதாண்டு கழித்து, 2007இல், இராதாமோகன் இயக்கிய 'மொழி' வந்தது. ஜோதிகா அர்ச்சனாவாக நடித்தார். அர்ச்சனா இரந்து நிற்பவள் அல்லள். மனைவியை அடிக்கும் குடிகாரனை அடித்து விரட்டுபவள். தன் வாழ்வைப் பற்றித் தானே முடிவெடுப்பவள். காது கேளாதவரைக் கண்ணீருக்குக் கருவியாக்காமல் மனிதராக்கிய அந்தப் படத்தை மனமுவந்து பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டுக் குறையையும் சொல்வோம். அர்ச்சனாவை விரும்பும் கார்த்திக் இசைக் கலைஞன். சைகை மொழி அறியாதவன். இருவருக்கும் நடுவே நின்று அவள் கைமொழியைத் தமிழாக்குபவள் தோழி ஷீலா. அவனுக்கு அம்மொழியைக் கற்றுக்கொடுப்பவளும் அவளே. நாயகியை அடைய நாயகன் ஒரு மொழியையே கற்கிறான் என்பது இனிய கற்பனை, கற்கத்தக்க பாடமும்கூட. ஆனால், அந்தக் கதையில் மொழிபெயர்ப்பு நட்பு தந்த பரிசு! தோழி உள்ளவளுக்குக் கிடைக்கும். தோழியில்லாதவளுக்கு? தோழிக்குக் காய்ச்சல் கண்ட நாளில்? தோழியிடமும் சொல்லக் கூசும் நோய் வந்தால்?

காதலுக்கு மொழி தேவையில்லை என்ற இனிப்பை நாவிலே வைத்து நம்மை வீட்டுக்கு அனுப்புகிறது படம். காதலுக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். காவல் நிலையத்துக்குத் தேவை; கடன் பத்திரத்துக்குத் தேவை; கத்திபோடும் அறைக்குத் தேவை!

மற்றொரு குறையும் உண்டு. கதை காது கேளாதவளைப் பற்றியது. நடித்தவரோ காது கேட்பவர். காது கேளாத ஒருவர் அரங்கிலே அமர்ந்திருந்தால் அர்ச்சனாவின் கைகளை ஓரளவு படித்திருப்பார். எழுத்தும் சைகையும் இல்லாதவிடத்து மற்றவர் உரையாடலை எவ்விதம் அறிந்திருப்பார்? எவர் மொழியைப் பாடுகிறதோ, அவருக்கே எட்டாத படம். பெயர் மட்டும் 'மொழி'!

மகளின் கை

கடல் கடந்து ஒரு படம். அமெரிக்காவில் 2021இல் வெளிவந்த 'கோடா'. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேட்கும் பிள்ளையைக் குறிக்கும் சுருக்கப் பெயர் அது. சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதை 2022இல் பெற்றது. தந்தையாக நடித்த டிராய் காட்சர் உண்மையிலேயே காது கேளாதவர். சிறந்த துணை நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. 2014இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தைத் தழுவியது இது. அங்கே உழவர் குடும்பம். இங்கே மீனவர் குடும்பம். தாய், தந்தை, அண்ணன் மூவருக்கும் காது கேளாது. இளையவள் ரூபிக்குக் கேட்கும். விடியுமுன் படகிலே போகிறாள். கரைக்கு வந்ததும் மீன் விலை பேசுகிறாள். பெற்றோரின் அந்தரங்க நோயை மருத்துவரிடம் அவளே வாய்விட்டுச் சொல்கிறாள். ஒரு நாள் அவள் படகிலே இல்லை. வானொலி அழைப்பும் கரைக்காவல் படையின் எச்சரிக்கையும் கேட்க ஆளில்லாமல் தந்தையும் அண்ணனும் பிடிபடுகிறார்கள்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலே விடியற்காலையில் நின்றவர்களுக்கு இது அந்நியக் கதையாகத் தோன்றாது. மீன் ஏலம் வாயால் நடப்பது. கூவலிலே விலை ஏறும். கூவலிலே விலை இறங்கும். கூவல் கேளாதவன் கூடையோடு நிற்க, அவன் பிள்ளைதான் அவனுக்குக் காது.

ஆனால் அந்தப் படத்தின்மீதும் நமக்கொரு வழக்குண்டு. உடற்குறையுடையோருக்காக 1990இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், தேவையான இடத்தில் தகுதியுள்ள பெயர்ப்பாளரை மருத்துவமனையே அமர்த்த வேண்டும் என்கிறது. மருத்துவர் எதிரே மகள் ஏன் நிற்க வேண்டும்? அதைப் படம் கேட்கவில்லை, சிரிக்கவைத்துக் கடந்துபோகிறது. நம்மால் சிரிக்க முடியவில்லை. ஏனென்று சொல்கிறோம்.

நம் வகுப்பிலே ஒரு மாணவி, வயது பன்னிரண்டு. திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து வருகிறாள். தந்தை பற்றவைப்புப் பட்டறைத் தொழிலாளி. தாய் வீட்டிலே தையல் வேலை செய்பவர். இருவரும் காது கேளாதோர். மாதத்திலே நான்கைந்து நாள் அவள் இடம் காலியாகக் கிடக்கும். கடிந்துகொண்டோம். "அப்பாவோட பேங்குக்குப் போனேன், சார்" என்றாள் ஒருமுறை. "அம்மாவோட ரேஷன் ஆபீசுக்குப் போனேன்" என்றாள் மறுமுறை. குடும்பத்தின் வாயும் காதும் அவளே என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

தந்தைக்குச் சர்க்கரை நோய். கால் விரலிலே புண். மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றனர். மருத்துவருக்குப் பின்னும் ஐம்பது பேரைப் பார்க்க வேண்டிய அவசரம். "விரலை எடுத்தாகணும், இல்லேன்னா காலுக்கே ஆபத்து. இன்னைக்கே சேரணும்னு அப்பாகிட்டச் சொல்லும்மா" என்றார். குழந்தையின் கைகள் எழுந்தன. அந்த இடத்துக்கு வந்ததும் நின்றன. தந்தையின் விரலை வெட்டப் போகிறார்கள் என்பதைத் தன் விரல்களால் சொல்ல எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்? "மருந்து போட்டால் ஆறிவிடும், அடுத்த வாரம் வரச் சொல்கிறார்" என்று சைகை காட்டினாள். தந்தை தலையசைத்தார். சொன்னது புரிந்துவிட்டது என்று மருத்துவர் எண்ணினார். மூன்று வாரம் சென்றது. ஒரு விரலோடு போயிருக்க வேண்டியது, முன்பாதத்தோடு போயிற்று.

அந்தப் பெண் நம்மிடம் வந்து கேட்டாள்: "நான்தானே சார் அப்பா காலைக் கெடுத்தேன்?"

"இல்லையம்மா" என்றோம். ஆறுதல் சொல்வது எளிது. அந்த 'இல்லை' உண்மை என்று நிறுவுவது எளிதன்று. அதை நிறுவவே இதை எழுதுகிறோம்.

ஒரு தொழில், ஒரு திறன்

குற்றம் அவளுடையதன்று, ஏனெனில் அந்த வேலை அவளுடையதன்று. மொழிபெயர்ப்பு என்பது இரண்டு மொழி தெரிந்த எவரும் செய்துவிடும் எடுபிடி வேலை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சைகை மொழி என்பது தமிழைக் கையால் எழுதிக்காட்டும் வித்தையன்று. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. 'நீ எங்கே போகிறாய்?' என்று நாம் கேட்பதை, 'நீ, போ, எங்கே' என்று வினாச்சொல்லை இறுதியில் வைத்துக் கேட்கும் இந்தியச் சைகை மொழி. புருவத்தை உயர்த்தினால் அதுவே வினா. முகமும் தோளும் அங்கே இலக்கண உறுப்புகள். இவ்வகை மொழிகளுக்குச் சொல்லமைப்பு உண்டென்று வில்லியம் ஸ்டோக்கோ என்னும் அமெரிக்க அறிஞர் 1960இல் ஆராய்ந்து நிறுவினார்.

அதற்கு முன் உலகம் என்ன செய்தது? 1880இல் இத்தாலியின் மிலான் நகரிலே கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சு முறையிலேயே கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்தது. கை அசைத்த பிள்ளைகளின் கை அடக்கப்பட்டது. அத்தீர்மானத்தைத் தள்ளி, நேர்ந்த தீங்குக்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை, வான்கூவர் மாநாடு வரை, 130 ஆண்டுகள் ஆயின. ஒருவன் நாவிலே பிறர் மொழியைத் திணிப்பது எத்தகைய கொடுமை என்பதைத் தமிழர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கைக்கும் அதே நீதிதான்!

பயின்ற பெயர்ப்பாளர் எப்படித் தொழில் செய்கிறார்? பேசுபவருக்கு அருகிலே, காது கேளாதவர் இருவரையும் ஒருசேரப் பார்க்கும் இடத்திலே, வெளிச்சம் முகத்தில் விழ நிற்கிறார். சொன்னதைக் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. கசப்பைச் சர்க்கரையாக்குவதில்லை. கேட்டதை வெளியிலே சொல்வதில்லை. ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு மேல் மூளை களைத்துப் பிழை நேரும் என்பதால், நீண்ட கூட்டங்களில் இருவர் மாறி மாறிப் பணிசெய்கின்றனர். புரியவில்லை என்றால் 'மீண்டும் சொல்லுங்கள்' என்று நிறுத்தும் துணிவும் அவருக்கு வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண், வெள்ளை அங்கி அணிந்த மருத்துவரை நிறுத்துவாளா?

அமெரிக்காவிலுங்கூட இது நெடுங்காலம் பாதிரிமாரும் பிள்ளைகளும் உறவினரும் செய்த தருமமாகவே இருந்தது. 1964இல்தான் பெயர்ப்பாளர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். தருமம் அன்று தொழிலாயிற்று. தொழிலுக்கு ஒழுக்க விதி பிறந்தது. ஒழுக்க விதியால் காது கேளாதவர், 'இவர் சொன்னது தவறு' என்று முறையிடும் உரிமை பெற்றார். தருமத்திடம் எவர் முறையிட முடியும்?

துபாஷியின் நாக்கு

மொழிபெயர்ப்பாளரின் அருமையை அறியாத ஊரன்று நம் சென்னை. கும்பினிக்காரன் கடற்கரையிலே வந்திறங்கிய நாள்தொட்டு, துபாஷி இல்லாமல் ஒரு பொதித் துணி வாங்கியதில்லை. துபாஷி என்றால் இரு மொழியாளன். வாணிகத்துக்கு மொழிபெயர்ப்பாளன் தேவை என்பதை முன்னூறு ஆண்டுகட்கு முன்பே கண்டுகொண்ட நகரம், உயிருக்கும் தேவை என்பதை இன்னும் கண்டுகொள்ளவில்லை!

துபாஷியின் வரலாறு மற்றொன்றையும் கற்பிக்கிறது. இரு மொழியும் தெரிந்தவன் ஒருவனே என்றால், நடுவிலே அவன் நடத்துவது ஆட்சி. சூளையிலே ஒரு தெருவுக்குப் பெயர் தந்த அவதானம் பாப்பையா என்ற துபாஷி, 1792இல் பொய்ச் சதி வழக்கிலே விசாரிக்கப்பட்டவர். ஆகவே ஆள் இருந்தால் மட்டும் போதாது. அவரைச் சோதிக்கும் முறையும் வேண்டும்.

இதை உலகமே கண்ட நாள் ஒன்றுண்டு. 2013 டிசம்பர் 10. தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் நெல்சன் மண்டேலாவுக்கு நினைவுக் கூட்டம். உலகத் தலைவர்கள் பேசப் பேச, பக்கத்திலே ஒருவர் கையசைத்துக்கொண்டேயிருந்தார். காது கேட்பவர் கோடிக்கணக்கில் பார்த்தனர், ஐயமுறவில்லை. காது கேளாதோர் பார்த்த கணமே கண்டுகொண்டனர். அந்த அசைவுகளுக்குப் பொருளே இல்லை! அந்நாட்டின் காது கேளாத நாடாளுமன்ற உறுப்பினர் வில்மா நியூஹவுட் டிரூச்சன் உடனே அதை அம்பலப்படுத்தினார். பெயர்ப்பாளரை அமர்த்தியவர்கள் காது கேட்பவர்கள். அவரைத் தேர்ந்தறியும் ஆற்றல் உடையவரோ காது கேளாதோர். அவர்களை ஒரு சொல் கேட்டிருந்தால் அந்தக் கேலிக்கூத்து நடந்திராது. எந்தப் பெயர்ப்பாளர் தகுதியானவர் என்று சொல்லும் உரிமை காது கேளாத மக்களிடமே இருக்க வேண்டும். 'குரலற்றோரின் குரலாவோம்' என்று முழங்கும் நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: அவர்களுக்குக் குரலாக வேண்டாம். அவர்கள் சொல்வதைச் சொன்னபடி கொண்டுசேர்க்க வழி செய்யுங்கள். அதுதான் தன்மானத்துக்கு அழகு.

சட்டத்தின் கை

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், தன் 119ஆம் பிரிவிலே, பேச இயலாதவர் எழுத்தாலோ சைகையாலோ திறந்த நீதிமன்றத்தில் தரும் சாட்சியம் வாய்ச்சாட்சியமே ஆகும் என்றது. நல்ல சட்டம். ஆனால் அந்தக் கையைப் படிப்பவர் யார் என்பதை அது சொல்லவில்லை. பெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் உதவியை நீதிமன்றம் பெற்றே தீர வேண்டும், சாட்சியத்தை ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2013இல்தான் சேர்ந்தது. இடையே 141 ஆண்டுகள்! கைக்கு மதிப்பளித்தார்கள், கண்டு சொல்வாரை மறந்தார்கள். பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டமும், பாதிக்கப்பட்ட குழந்தையின் மொழியறிந்தவர் உதவிக்கு இடம் தருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை மொழியைத் தொடர்பு முறைகளுள் ஒன்றாக ஏற்கிறது. இந்தியச் சைகை மொழிக்கென 2015இல் தில்லியில் ஆய்வு, பயிற்சி மையம் அமைந்தது. அது வெளியிட்ட அகராதி 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கி, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது.

2023 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றத்திலே காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி காணொளி வழியே வாதாட வந்தார். பெயர்ப்பாளர் சௌரவ் ராய்சௌத்ரி உடனிருந்தார். பெயர்ப்பாளரின் முகத்தைத் திரையில் காட்ட முதலில் இசைவு கிடைக்கவில்லை. முகம் தெரியாத சைகை, ஒலியடைத்த பேச்சு என்பது அங்கிருந்தோர்க்குத் தோன்றவில்லை! பின்னர் தலைமை நீதிபதி சந்திரசூட் இசைவளிக்க, வாதம் நடந்தது. நாட்டின் உச்ச மன்றத்திலேயே முதல் நாள் இந்தத் தடுமாற்றம் என்றால், நம் ஊர்க் காவல் நிலையத்தைச் சொல்லவும் வேண்டுமா?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு, இந்தியாவில் செவித்திறன் குறைந்தோர் 50 இலட்சத்துக்கு மேல் என்கிறது. பயிற்சி பெற்ற பெயர்ப்பாளர் தொகையோ, அந்தக் கடலுக்கு ஒரு குடம். சட்டம் 'அழைக்க' என்கிறது. அழைக்க ஆள் எங்கே? ஆள் உருவாக ஊதியம் எங்கே? ஒரு நாள் கூலி உறுதியில்லாத வேலைக்குப் பட்டம் படித்த எந்த இளைஞர் வருவார்?

எண்ணூரின் இரவு

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தருகே, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. 'ஓடுங்கள், ஓடுங்கள்' என்ற கூச்சல் கேட்டு மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினர். பலர் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டனர்.

கூச்சல் கேட்டவர் ஓடினர். கேளாதவர்? நம் மாணவியின் பெற்றோரை உலுக்கி எழுப்பியது அவள் கைதான். இருட்டிலே சைகை தெரியாது. தந்தையின் உள்ளங்கையிலே தட்டி, மூக்கைத் தொட்டுக் காட்டி, வெளியே இழுத்துக்கொண்டு ஓடினாளாம். அந்த இரவிலே அவள் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தால்? நாளை அவள் மணமாகி வேறூர் போனால்? ஒரு குடும்பத்தின் உயிரை ஒரு சிறுமியின் விழிப்பிலே தொங்கவிட்டிருக்கும் ஏற்பாட்டை நாகரிகம் என்றா அழைப்பது?

இளைஞர்களே, செய்யத்தக்கவை நம் கைக்கெட்டாதவை அல்ல. அரசினர் ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் ஊதியம் பெறும் பெயர்ப்பாளரை அமர்த்தட்டும். அது இயலும்வரை, காணொளி வழியே அழைத்தால் வந்து நிற்கும் பெயர்ப்பாளர் பட்டியலை வாயிலிலே ஒட்டட்டும். ஆபத்து நிறைந்த தொழிற்கூடங்கள் ஊதும் சங்கோடு ஒளிரும் விளக்கும் வைக்கட்டும். காது கேளாதோர் வாழும் வீடுகளுக்கு அதிரும் கருவி கொடுக்கட்டும். பெயர்ப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலே காது கேளாதோரே பெரும்பான்மையராய் இருக்கட்டும். நாமோ, நம் படிப்பகங்களிலே வாரம் ஒருநாள் சைகை மொழி வகுப்பு நடத்துவோம். கற்பிப்பவர் காது கேளாதவராக இருக்கட்டும், அவருக்கு ஊதியமும் கொடுப்போம். நூறு சைகை கற்றால் நல்ல அண்டை வீட்டாராவோம். பெயர்ப்பாளராகிவிட்டோம் என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது. அரைகுறை மொழி அறுவை அறையிலே ஆளைக் கொல்லும்.

இவ்வாண்டு நம் வகுப்பிலே அந்தப் பழமொழியை வினாவாகக் கொடுக்கவில்லை. எடுத்துவிட்டோம். அதனாலே சமுதாயம் திருந்திவிடாது என்பது நமக்குத் தெரியும். ஆயினும் முன் வரிசையிலே அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கண்ணைப் பார்த்து அதற்குப் பொருள் சொல்ல நமக்கு வாய் எழவில்லை.

வெயில் காய்கிறது. பாறைமேல் வெண்ணெய் உருகுகிறது. காவலனுக்குக் கைகள் இருக்கின்றன; அவை இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கின்றன.

கண்டு சொல்வார் யார்?